தலை எந்தப் பக்கம் வளரும்?

பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் பிள்ளையை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெரும்பாலும் அம்மாச்சிதான் குளிப்பாட்டுவார். மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிள்ளையைக் கால்மேல் கிடத்துவார். உச்சியில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். பிறகு நெற்றியை நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தலையை வைத்து உருட்டுவார். இப்படிச் செய்தால்தான் தலை உருண்டையாக வரும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. எண்ணெய் வைத்த அந்த இடத்தில் மட்டும் தோலுக்கடியில் எலும்பு கிடையாது. உற்றுப் பார்த்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து அது ஏறி இறங்குவது தெரியும். அதுதான் உச்சிக்குழி.

உடம்பிலேயே அதிகக் காவல் வேண்டிய உறுப்பு மூளை. அதன் தலைக்கு மேலேயே கூரையில் ஓட்டை வைத்துக்கொண்டு ஏன் பிறக்கிறோம்? எலும்பு கெட்டியான பொருள். உள்ளே மூளை பெருக்கப் பெருக்க, அதைச் சுற்றியிருக்கும் எலும்புக்கூடு எப்படி இடம் விடுகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதில் புரிந்தால், சில குழந்தைகளின் தலை படகுபோல நீண்டும் முக்கோணமாகக் கூம்பியும் போவது ஏன் என்பதும், அதற்கு அம்மாச்சியின் கை எந்த வகையிலும் பொறுப்பில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில் வளர்ச்சியின் வேகத்தைப் பார்ப்போம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். முதல் பிறந்தநாளில் 46. வளர்ந்த மனிதருக்கு 55, 56. அதாவது ஆயுளுக்கும் தலை வளர வேண்டியதில் பாதியை முதல் பன்னிரண்டு மாதத்திலேயே முடித்துவிடுகிறது. பிறக்கும்போது 350 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் மூளை, இரண்டு வயதுக்குள் ஒரு கிலோவைத் தொட்டுவிடும்.

இந்த அவசரத்துக்கு ஒற்றை எலும்பாலான ஓடு ஈடுகொடுக்காது. அதனால் பிறக்கும்போது மண்டையோடு தனித்தனிப் பலகைகளாகவே இருக்கிறது: நெற்றியில் இரண்டு, உச்சியின் இருபுறமும் இரண்டு, பின்னால் ஒன்று, காதோரம் இரண்டு. பலகைகள் சந்திக்கும் கோடுகளை மருத்துவர்கள் சூச்சர் என்பார்கள். நாம் பொருத்து என்போம். முக்கியமானவை நான்கு. நெற்றி நடுவே மூக்கை நோக்கி இறங்குவது நெற்றிப் பொருத்து. ஒரு காதுப் பக்கமிருந்து மறு காதுப் பக்கம் வரை மகுடம் வைக்கும் இடத்தில் ஓடுவது மகுடப் பொருத்து. உச்சியிலிருந்து பின்னோக்கி, பெண்கள் வகிடு எடுக்கும் அதே கோட்டில் போவது வகிட்டுப் பொருத்து. பின்மண்டையில் கவிழ்த்த ‘வி’ போல இருப்பது பிடரிப் பொருத்து. நெற்றி, மகுடம், வகிடு மூன்றும் கூடும் சந்திப்பில் எலும்பு வந்து சேர நாளாகும். அந்த இடைவெளிதான் உச்சிக்குழி. பின்னால் இன்னொரு சின்னக் குழியும் உண்டு. அது இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. உச்சிக்குழி சாதாரணமாக ஒன்று, ஒன்றரை வயதில் மூடும். சில குழந்தைகளுக்கு இரண்டு வயதும் ஆகும்.

எலும்பு ரப்பர்போல இழுபடுவதில்லை, புது எலும்பு ஓரத்திலும் மேற்பரப்பிலும் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் பெரிதாகிறது என்பதை மனிதர்கள் கண்டுகொண்டது ஒரு விருந்துச் சாப்பாட்டில். லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் அச்சிடும் ஒருவர் வீட்டில் பன்றிக்கறி சாப்பிட்டார். கறியில் இருந்த எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்தால், சாயப்பட்டறையில் மிஞ்சிய தவிட்டைப் பன்றிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தவிட்டில் ஊறியிருந்தது சிவப்புச் சாயவேர். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய உறவுச்செடி. பெல்ச்சியர் இதை 1736இல் எழுதி வெளியிட்டார். அதைப் படித்த பிரான்சின் துஹாமெல், விலங்குகளுக்குச் சாயவேரைச் சில வாரம் கொடுத்து, சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்தார். எலும்பை அறுத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி அடுக்கு. எந்தக் காலத்தில் எந்த அடுக்கு சேர்ந்தது என்று எலும்பே கணக்கு எழுதி வைத்திருந்தது. மண்டையோட்டில் இந்தப் புது எலும்பு சேரும் ஓரங்கள்தான் பொருத்துகள்.

வளர வேண்டிய காலத்தில் ஒரு பொருத்து சீக்கிரமே கெட்டித்துப்போனால்? மருத்துவத்தில் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று நீட்டி முழக்குவார்கள். முன்மூடல் என்று சுருக்கிக்கொள்வோம். 1851இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் இருந்த ருடால்ஃப் விர்க்கோ, கோணல் மண்டையோடுகளை ஒப்பிட்டு அளந்து ஒரு விதியைச் சொன்னார். மூடிய பொருத்துக்குக் குறுக்குத் திசையில் வளர்ச்சி நின்றுபோகும். பொருத்து ஓடும் அதே திசையில் வளர்ச்சி கூடும். இலவம்பஞ்சுத் தலையணை நிரப்புகிறவரைக் கேட்டால் இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பார். உறையின் நடுவே நெடுக ஒரு மடிப்பைப் பிடித்துத் தைத்துவிட்டு, அதே அளவு பஞ்சை உள்ளே திணித்தால் தலையணை அகலத்தில் உப்பாது, நீளவாக்கில் பிதுங்கும். பஞ்சுக்கு எங்காவது இடம் வேண்டும். மூளைக்கும் அப்படித்தான்.

இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைப் பார்த்தாலே மூடிய பொருத்து எது என்று ஊகிக்கலாம். வகிட்டுப் பொருத்து மூடினால் தலை அகலமாக முடியாது. முன்னும் பின்னும் நீண்டு படகுத்தலை ஆகும். முன்மூடலில் கிட்டத்தட்டப் பாதி இந்த வகைதான், ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். நெற்றிப் பொருத்து மூடினால் நெற்றி கூம்பி, மேலிருந்து பார்க்கும்போது முக்கோணமாகத் தெரியும், கண்கள் நெருங்கியிருக்கும். ஆனால் நெற்றிப் பொருத்து எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் தானாகவே மூடிவிடுகிற ஒன்று. நெற்றி நடுவே லேசாக ஒரு வரம்பு தட்டுப்படுவதைப் பார்த்துப் பயந்து ஓடிவருகிறவர்கள் பலர். கூம்பல் இல்லாத வெறும் வரம்பு ஒன்றும் செய்யாது. மகுடப் பொருத்து ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்கத்து நெற்றி தட்டையாகி, புருவம் மேலேறி, மூக்கின் வேர் அந்தப் பக்கம் சாயும். இது பெண் குழந்தைகளிடம் கூடுதல். பிடரிப் பொருத்து மூடுவது மிக அரிது.

அரிதான அதுதான் மனித இனத்தின் பழைய சாட்சிகளில் ஒன்றாகவும் கிடைத்திருக்கிறது. ஸ்பெயினின் அட்டாபுவெர்காவில் எலும்புக் குழி என்றே பெயர்பெற்ற குகைக்குள்ளிருந்து எடுத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டில் இடப்பக்கப் பிடரிப் பொருத்து முன்கூட்டியே மூடியிருந்தது. மண்டையோட்டின் வயது சுமார் நான்கு லட்சத்து முப்பதாயிரம் ஆண்டு. ஆய்வு வெளியானது 2009இல். அந்தக் குழந்தை குறைந்தது ஐந்து வயது வரையாவது வாழ்ந்திருக்கிறது.

விர்க்கோ பார்த்தவை இறந்தவர்களின் ஓடுகள். ஆகவே ஒரு சந்தேகம் மிஞ்சும். பொருத்து மூடியதால் தலை கோணியதா, வேறெதனாலோ கோணிய தலையில் பொருத்து மூடியதா? 1979இல் வெளியான ஆய்வில் பெர்சன் என்பவரும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். பிறந்து சில நாளே ஆன முயல்குட்டிகளின் மகுடப் பொருத்தின்மேல் சூப்பர் குளூ வகைப் பசையைத் தடவினார்கள். குட்டிகள் வளர்ந்தபோது, தலை பொருத்துக்குக் குறுக்கே வளராமல் மற்றப் பக்கம் ஈடுகட்டி வளர்ந்தது. பூட்டினால் கோணும் என்பது உறுதியானது.

சரி, நல்ல பொருத்து ஏன் மூடாமல் இருக்கிறது? எலும்பின் இயல்பு, இன்னொரு எலும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்வது. முறிந்த கை கூடுவதே அதனால்தான். 1993இல் லின் ஆப்பர்மேன் குழுவினர் எலியின் பொருத்தை எடுத்து வேறிடத்தில் பதித்தார்கள். மூளையின் மேலுறையான டியூராவோடு சேர்த்துப் பதித்த பொருத்து திறந்தே இருந்தது. டியூராவை உரித்துவிட்டுப் பதித்தது எலும்பாகி அடைந்துபோனது. அதாவது கீழேயிருக்கும் உறை ‘இன்னும் மூடாதே’ என்று ரசாயனச் சொல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சோதனை இது. மண்டையோடு மூளைக்குக் கட்டளையிடுவதாகத்தான் நாம் நினைத்திருந்தோம். கட்டளை கீழிருந்து மேலே போகிறது.

இந்தத் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதன் விலையைக் குழந்தைகள் கொடுத்திருக்கிறார்கள். மூளையே சரியாக வளராத குழந்தைக்குத் தலை சிறுத்திருக்கும். தள்ளுவதற்கு ஆளில்லாததால் பொருத்துகளும் சீக்கிரம் நெருங்கிவிடும். 1890இல் பாரிஸின் லான்லோங், பொருத்து மூடியதால்தான் மூளை வளரவில்லை என்று எண்ணி, அத்தகைய குழந்தைகளின் மண்டையோட்டில் நீளமாக எலும்பை வெட்டி எடுத்தார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜாக்கோபி இறப்புகளைத் தொகுத்துக் காட்டிக் கடுமையாகக் கண்டித்தார். அவர் தொகுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களின் மூளையும் அதனால் வளர்ந்துவிடவில்லை. அதன்பின் பல்லாண்டுகள் இந்த அறுவைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. உண்மையிலேயே முன்மூடல் இருந்த குழந்தைகளுக்கும் அதனால் வழியில்லாமல் போயிற்று.

சிறுதலையையும் முன்மூடலையும் பிரிக்கும் கோடு இதுதான். முன்மூடல் உள்ள குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. படகுத்தலையைச் சுற்றி டேப் வைத்தால் சுற்றளவு சரியாகவே வரும், சில நேரம் அதிகமாகவும் வரும். அளக்க வேண்டியது அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம். நீளம் 14, அகலம் 11.5 சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்கு 82, இது சாதாரணம். நீளம் 15.5, அகலம் 10 என்றால் 65 கூட வராது. அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். உச்சிக்குழி திறந்திருப்பதும் ஆறுதல் ஆகாது. ‘குழி இன்னும் துடிக்குதே, ஒன்னுமில்ல’ என்று சொல்லித் தள்ளிப்போடுவார்கள். வகிட்டுப் பொருத்து முழுக்க அடைந்த குழந்தைக்கும் உச்சிக்குழி திறந்தே இருக்கலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 2000 முதல் 2500 பிறப்புக்கு ஒன்று. விருதுநகர் மாவட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 42 ஆயிரம் பேர். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பதினான்கு பிறப்பு என்று தோராயமாக வைத்துக்கொண்டால் 27 ஆயிரம் குழந்தைகள். அதில் பத்து முதல் பதினான்கு பேருக்கு இது இருக்கும் என்பது வெறும் வாய்ப்பாட்டுக் கணக்கு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. குழுவினர் 30 வகைப் பிரச்சினைகளைத் தேடி அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிறார்கள். அதில் பிறவிக் குறைகள் ஒன்பது: உதட்டுப்பிளவு, வளைபாதம், பிறவிக் கண்புரை, இதயக் குறை என்று போகும் அந்தப் பட்டியலில் முன்மூடல் இல்லை. சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து. ஸ்கேன் வேண்டாம், குழந்தையின் பின்னால் நின்று மேலிருந்து தலையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

அப்படி மேலிருந்து பார்ப்பதால் இன்னொரு லாபமும் உண்டு, தேவையில்லாத பயம் தீரும். ஏனென்றால் கோணல் தலைகளில் மிகப் பெரும்பாலானவை முன்மூடல் அல்ல. சுகப்பிரசவத்தில் பிறப்புப் பாதையில் அழுந்தி நீண்ட தலை சில நாளில் தானே சரியாகிவிடும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடத்தான் அந்த இடைவெளிகள் முதலில் உதவின. தொட்டிலில் எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கும் பிள்ளைக்குப் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகும். மேலிருந்து பார்த்தால் தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னால் தள்ளியிருக்கும், தலை சாய்ந்த நாற்கரமாகத் தெரியும். பிடரிப் பொருத்து மூடியிருந்தாலோ பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காது பின்னோக்கி இழுபட்டிருக்கும். முதல் வகைக்கு விளக்கு எரியும் பக்கத்தையும் படுக்கும் பக்கத்தையும் மாற்றுவது, விழித்திருக்கும்போது கண்முன்னே வைத்துக் குப்புறப் போடுவது இரண்டும் போதும். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும்.

கையால் நீவி உருட்டுவது பொருத்தை மூடவும் செய்யாது, மூடியதைத் திறக்கவும் செய்யாது. ஆனாலும் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் வீட்டில் முதல் விசாரணை தாயிடம்தான். கிரகணத்தில் வெளியே வந்தாயா, எதைத் தின்றாய், எப்படிப் படுத்தாய்? ஒரே ஒரு பொருத்து மட்டும் மூடிய பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறிப்பான காரணம் எதையும் காட்ட முடிவதில்லை. தாயின் தைராய்டு மிகைச்சுரப்பு, வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மாத்திரை போன்றவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. சொந்தத்தில் கல்யாணம் முடித்தது காரணமாவது சில அரிய பரம்பரை வகைகளில் மட்டுமே.

காரணம் தெளிவாகத் தெரிந்த வகை ஒன்றில் விரல் தாயை நோக்கி நீளவே இல்லை. பல பொருத்துகள் மூடி, கைகால் விரல்களும் ஒட்டிப் பிறக்கும் நிலையை 1906இல் பிரான்சின் ஏபர்ட் விவரித்தார். 1995இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ வில்கி குழு, எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதே அதற்குக் காரணம் என்று கண்டது. எலும்புச் செல்லுக்கு ‘வளர், கெட்டியாகு’ என்ற செய்தியை வாங்கிக்கொள்ளும் வாசல் அந்த மரபணுவின் புரதம். எழுத்து மாறினால் வாசல் அளவுக்குமீறித் திறந்துகொள்கிறது. மறுஆண்டு அவர்களே 57 குழந்தைகளில் அந்த மாற்றம் பெற்றோரில் யார் வழியாக வந்தது என்று தேடினார்கள். 57லும் தந்தை வழி. தந்தையின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. விந்துக்கு மூலமான செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பவை. இந்த மாற்றம் விழுந்த மூலச்செல் மற்றவற்றை முந்திப் பெருகிவிடுகிறது.

மூடிய பொருத்தை விட்டுவைத்தால் என்ன? ஒரே பொருத்து என்றால் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறும். பல பொருத்து என்றால் பாதிப் பேர் வரை. ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும். அதனால் ஒரு வயதுக்குள் அறுவை. இளம் டியூராவுக்கு எலும்பு செய்யும் சக்தி உண்டு, வெட்டிய இடைவெளியை அதுவே நிரப்பிவிடும். ஒன்றரை வயதுக்கு மேல் அந்தச் சக்தி குன்றுகிறது. நாட்டின் முதல் மூளை நரம்பியல் அறுவைத் துறைகளை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், மறுஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இன்று மதுரை ராஜாஜி மருத்துவமனை சுமார் 75 கிலோமீட்டர். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம்.

இந்த அறுவையில் மருத்துவரின் கவலை எலும்பைவிட ரத்தம்தான். ஆறு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ரத்தம். நூறு மில்லி போனாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதனால் ரத்தத்தை ஒற்றியெடுக்கும் ஒவ்வொரு காஸ் துண்டையும் தராசில் வைத்து, காய்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று தாதியர் கூட்டிக்கொண்டே வருவார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடு முழுக்க அறுவை அரங்குகளுக்குப் போகிறது. அந்த மெல்லிய துணிதான் இங்கே அளவுகோல்.

ரத்தச் சேதத்தைக் குறைக்கவே 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹிமெனெஸும் பரோனேவும் இன்னொரு வழி கண்டார்கள். மூன்று நான்கு மாதத்திலேயே, இரண்டு சிறு கீறல் வழியாக எண்டோஸ்கோப் நுழைத்து, மூடிய பொருத்தை மட்டும் ஒரு பட்டையாக எடுத்துவிடுவது. பிறகு தலையை வடிவத்துக்குக் கொண்டுவருவது மூளையின் வேலை, வழிகாட்டுவது அளவெடுத்துச் செய்த ஹெல்மெட். தினம் 23 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். தலை வளரவளர அளவு மாற்ற வேண்டும். மே மாத ராஜபாளையத்தில் ஒரு கைக்குழந்தைக்கு அதை மாட்டி வைப்பதையும், வேர்க்குருவையும், ஒவ்வொரு அளவுமாற்றத்துக்கும் பஸ் பிடித்துப் பெருநகரம் போய் வருவதையும் யோசித்தால், அந்த வழி இங்கே எல்லோருக்கும் ஒத்துவராது என்றே தோன்றுகிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் லாரிட்சென் அதே காலத்தில் செய்துகாட்டிய முறைக்கு ஹெல்மெட் வேண்டாம்: வெட்டிய இடைவெளியின் இரு ஓரத்திலும் முட்டுக் கொடுக்கும் எஃகு ஸ்பிரிங்குகளைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால், அவை சில மாதம் மெல்லமெல்ல எலும்பை விலக்கும். ஆனால் அந்த ஸ்பிரிங்குகளை வெளியே எடுக்கக் குழந்தைக்கு இரண்டாம் முறையும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.